மெமரியை அழித்தவள்

மங்கலம் பக்கத்தில் ஒரு காலர் கம்பெனியில் இருந்து என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். மெஷினின் மெமரியை நான் அழித்துவிட்டேன் என்று காரணம் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை. இதை எட்டு வருடமாக யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் "சரி விடு" என்றார்கள். நான் விடவில்லை.

டி-ஷர்ட்டின் உடம்புத் துணி ஒரு மெஷினில் ஓடும். காலர் வேறு மெஷினில் ஓடும். எங்கள் கம்பெனியில் காலர் மெஷின் நான்கு. நான்கும் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து இங்கே செகண்ட் ஹேண்டில் வந்தவை. காலரில் எங்கே கோடு வர வேண்டும், எத்தனை ஊசி வேலை செய்ய வேண்டும், பின்னல் எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் உள்ளே ஒரு போர்டில் இருக்கும் மெமரியில் நிற்கும். கரண்ட் இருக்கிறவரை மெமரிக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் போனால் அந்தப் போர்டில் ஈயம் வைத்துப் பற்ற வைத்திருக்கும் ஒரு சின்ன பேட்டரிதான் அதைத் தாங்க வேண்டும். பென்சில் செல்லில் பாதி நீளம் இருக்கும். அது செத்துவிட்டால் டிசைன், செட்டிங் எல்லாம் போய்விடும். மெஷின் வெறும் இரும்பு.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊர்க்காரி. ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டுத் திருப்பூர் வந்தேன். அந்தக் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்த ஒரே பெண் நான்தான். முதலாளி கொங்குப் பக்கத்துத் தோட்டக்காரர். மரியாதையான மனிதர். ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதும் மரியாதை குறையாது. அவருடைய மனைவியின் தம்பிதான் மேனேஜர். அவன் வாயில் வரும் மரியாதை நாக்கு நுனியோடு சரி.

மூன்றாம் நம்பர் மெஷினில் பேட்டரி இறங்கிவிட்டது என்று டிஸ்பிளே காட்டியது. நான் மாற்றினேன். மெஷினை ஆன் செய்தபடியே வைத்து, துணைக்கு இரண்டு பென்சில் செல்களை ஒரு டப்பாவில் போட்டு, கரண்ட் திரும்பி ஓடாமல் இருக்க ஒரு டயோடு சேர்த்து, கிளிப்பால் போர்டில் மாட்டினேன். அப்புறம்தான் பழைய பேட்டரியைக் கழற்றினேன். ஈயம் பற்ற வைக்கும் சோல்டரிங் அயர்னைச் சூடாக்கிவிட்டு, போர்டைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அயர்னில் கசியும் கரண்ட் மெமரி சிப்பைத் தின்றுவிடும். இது எதையும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு சிப்பைக் கெடுத்து நானே தெரிந்துகொண்டது.

மாற்றிய பிறகு மேனேஜரிடம் ஒன்று கேட்டேன். மெமரியில் இருக்கிற செட்டிங் நம்பர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்க அரை நாள் மெஷினை நிறுத்தித் தாருங்கள் என்றேன். ஃபிளாப்பி டிரைவ் எப்போதோ செத்துவிட்டது. வேறு காப்பி கிடையாது.

"ஓடற மெசினை நிறுத்திப்போட்டு நீங்க பரிச்சை எழுதறீங்களா?" என்றான்.

அதோடு விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மெயின் ஆஃப். திங்கள்கிழமை காலையில் டிசைன் அப்படியே இருந்தது. என் வேலை சுத்தம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை வந்தது. திருப்பூரில் ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க எண்ணெய் கேட்டுக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காதவன் அன்றைக்குப் பல் குச்சி வைத்து நோண்டித் துடைப்பான். மெயினை அணைத்து, பேனல் கதவுகளைத் திறந்து வைத்து, காற்றுக் குழாயால் பஞ்சை ஊதி, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி, பூசணிக்காய் என்று அமர்க்களப்படும். என்னைப் பொரிப் பொட்டலம் கட்ட உட்கார வைத்துவிட்டார்கள். பெண் என்றால் பொரிப் பொட்டலம்தானே.

மூன்று நாள் லீவு முடிந்து மெயினைப் போட்டார்கள். ஒன்று, இரண்டு, நான்கு ஓடின. மூன்றாம் நம்பர் டிஸ்பிளேயில் வெறும் பூஜ்யங்கள்.

ஏற்றுமதிக்குப் போக வேண்டிய காலர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் நான்கு மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"புதுப் பேட்டரி போட்டேன் போட்டேன்னு ஒரு வாரமா பீத்திட்டிருந்துச்சல்ல, பாருங்க! ஐடிஐ படிச்ச லட்சணத்தைப் பாருங்க! மெமரிய முச்சூடும் அழிச்சுப்போட்டு நிக்குது. பொட்டப்புள்ள கையில ஸ்க்ரூடிரைவரைக் குடுத்தா இதேதான்."

"ஞாயித்துக்கிழம பூராம் மெயின் ஆஃப்ல கெடந்துச்சு. திங்கக்கிழம டிசைன் இருந்துச்சா இல்லயா?" என்று கேட்டேன். "பேனலத் தொறங்க. என்னன்னு பாத்துச் சொல்லுதேன்."

"அந்தப் பக்கம் போனீங்கன்னா தெரியும்" என்றான். "மிச்சம் மூணையும் சாவடிக்கறதுக்கா?"

திறக்க விடவில்லை. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு, கோவிச்சுக்காதீங்க. நாளையில இருந்து வர வேண்டாமுங்க. நல்லாயிருங்க" என்றார். ஒரு ஆளின் சோற்றில் மண்ணைப் போடுகிற வார்த்தைக்குப் பின்னாலும் ஒரு 'ங்க'. எனக்கு அந்த 'ங்க' மேலேதான் முதலில் ஆத்திரம் வந்தது.

வெளியில் இருந்து ஒரு இன்ஜினியரை வரவழைத்து, போர்டையே மாற்றி, டிசைனைப் புதிதாக ஏற்றினார்களாம். இது நான் வெளியே வந்த பிறகு காதில் விழுந்தது.

வேலை போனதைக்கூட விடலாம். திருப்பூரில் வேலை போவது பஸ் போவது மாதிரி. அடுத்தது வரும். போனது என் பெயர். தாராபுரம் ரோட்டில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். அங்கே இருந்த சூப்பர்வைசர் என் சர்டிஃபிகேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க அந்த மெமரி புள்ளைங்களா?" என்று சிரித்தான். இரண்டு வாரத்தில் அந்தப் பட்டப்பெயர் அவ்வளவு தூரம் போயிருந்தது. அப்புறம் எந்த மெயின்டனன்ஸ் ரூமிலும் என்னை உள்ளே விடவில்லை. செக்கிங்கில் சேர்ந்தேன். துணியில் ஓட்டை தேடுகிற வேலை. மூன்று வருடம் ஓட்டை தேடினேன்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஈயம் சரியாக ஓடவில்லையோ, பழைய ஸ்டாக் பேட்டரியை மாட்டிவிட்டேனோ என்று துணியை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் பத்து நிமிடத்தையே மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். செய்யாத தப்பை என்மேல் நானே தேட வைத்தான் பாருங்கள், அதற்காகத்தான் அவன்மேல் எனக்கு வஞ்சம். மனதில் வைத்துக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அவன் எந்த இடத்தில் நின்று சொன்னானோ அதே இடத்தில் நின்று, நான் அழிக்கவில்லை என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

பிறகு கல்யாணமாகிப் பல்லடம் வந்தேன். வீட்டுக்காரர் தறிக்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம் பிடித்து எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் ஆரம்பித்தேன். தராசு போர்டு, தையல் மெஷின் மோட்டார் போர்டு என்று வந்தது. போகப்போகப் பழைய மெஷின்களின் பேட்டரி வேலையும் வர ஆரம்பித்தது. இருபது வருடம் ஓடிய எம்ப்ராய்டரி மெஷின், காலர் மெஷின், தறி கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் பேட்டரி ஒரே காலத்தில்தான் சாகும். செய்த கம்பெனிக்காரன் "அந்த மாடலை நிறுத்தியாச்சு" என்று கையை விரித்துவிடுவான். போர்டைப் பையில் போட்டு பிரைவேட் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவார்கள். நான் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்வேன். பல பேருக்கு என் முகம்கூடத் தெரியாது. பல்லடத்தில் ஒரு மேடம் செய்கிறார்கள் என்பதோடு சரி.

போன வருடம் அப்படி ஒரு பை வந்தது. மங்கலத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சொல்லி, யாரோ அனுப்பியிருந்தார்கள். பிரித்தேன். காலர் மெஷின் மெமரி போர்டு. பேட்டரி மேல் வெள்ளை டேப் ஒட்டி, மாற்றிய தேதி எழுதியிருந்தது. அது என் கையெழுத்து.

நான் சேரில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் லைட்டை இழுத்துப் பார்த்தேன். பேட்டரியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்த மாதிரி ஒரு காய்ந்த திட்டு. ஒரு ரூபாய்க் காசு அகலம். நடுவில் சிவப்பு. சுற்றிலும் பச்சைக் களிம்பு ஏறி, போர்டின் கோடுகளை அரித்திருந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு அந்தத் திட்டின் ஓரத்தில் தேய்த்தேன். மஞ்சளாக ஒட்டியது. மோந்து பார்த்தேன். சந்தனம். பூஜைக் கடையில் பொட்டலமாக விற்கிற மட்டமான சந்தனம்.

ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பேனல் கதவைத் திறந்து, உள்ளே பளபளவென்று இருந்த புதுப் பேட்டரிக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். ஈரச் சந்தனம் கால் இரண்டையும் சேர்த்துவிட்டது. மெயின் மூன்று நாள் ஆஃப். மெமரியைத் தாங்க வேண்டிய பேட்டரி சந்தனத்திலேயே வடிந்து செத்திருக்கிறது. சாமிக்கு எதிராக நான் எதுவும் பேசவில்லை. என் சோல்டரிங் அயர்னுக்கும் வருடா வருடம் பொட்டு வைக்கிறவள்தான் நான். கைப்பிடியில் வைப்பேன். முனையில் வைக்க மாட்டேன்.

பையோடு வந்த துண்டுச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. மேனேஜரேதான்.

"ஏனுங்க மேடம், போர்டு வந்துச்சுங்களா? அது சும்மா ஸ்பேருக்குங்க. இப்ப நாலு மெசின்லயும் பேட்டரி லோன்னு காட்டுதுங்க. வர்ற வியாழக்கிழமை கரண்ட் ஷட்டவுனு வேற. அதுக்குள்ள மாத்திப்போடோணும்."

"இந்தப் போர்டு எப்படிப் போச்சு?" என்றேன். கடைக்காரக் குரலில்தான் கேட்டேன். இத்தனை வருடத்தில் பல்லடம் என் பேச்சை நன்றாகவே மாற்றிவிட்டது.

"அது ஒரு கதைங்க" என்று சிரித்தான். "முந்தி தெக்கத்திப் புள்ளை ஒண்ணு இங்க வேலையில இருந்துச்சுங்க. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசும். பேட்டரிய மாத்தறேன்னு மெமரிய அழிச்சுப்போட்டுப் போயிருச்சு. அப்ப பட்ட பாடு இருக்குதுங்களே! அதுனாலதானுங்க, விவரமான ஆளாப் பாத்துக் குடுக்கோணும்னு உங்களுக்கு அனுப்புனது."

என் பழியை என்னிடமே சொல்கிறான். அதைச் சொல்லி என்னைப் பாராட்டவும் செய்கிறான்.

"வியாழக்கிழமை காலையில நானே நேர்ல வர்றேன்" என்றேன்.

"ஷட்டவுன் ஒம்பது மணிக்குங்க. புதன்கிழமையே வந்துட்டா நல்லாயிருக்குமுங்க."

"வியாழன் எட்டு மணிக்கு வர்றேன். ஒரு மணி நேரம் போதும்."

வேண்டுமென்றேதான் வியாழக்கிழமை என்றேன். ஒரு மெஷினுக்கு எட்டு நிமிடம், நான்குக்கு முப்பத்திரண்டு நிமிடம் என்பது என் கணக்கு. மிச்சம் இருபத்தெட்டு நிமிடமும் அவனுக்கு.

வியாழக்கிழமை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போனேன். மெஷின் நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. ஆபரேட்டர்கள் எட்டுப் பேரும் பீகார், ஒடிசாப் பையன்கள். பழைய முகம் ஒன்றே ஒன்றுதான். காலர்கள் ஒரே நீளப் பட்டையாக மெஷினில் இருந்து இறங்கும். நடுவில் இருக்கும் நூலை உருவி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த திருநெல்வேலிப் பக்கத்து அக்கா இன்றைக்கும் அதே மூலையில் உட்கார்ந்து உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நூலைக் கீழே போட்டாள்.

"ஏட்டி, நீயா! இம்புட்டு நாளு எங்கட்டி போன? குண்டாயிட்டியே!"

மேனேஜர் அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தான். வாய் திறந்தது. மூட மறந்துவிட்டது.

"பல்லடம் மேடம்..." என்றான்.

"நான்தான்" என்றேன். "தெக்கத்திப் புள்ள."

முதலாளி ஆபீஸ் ரூமில் இருந்து வந்தார். தலை நரைத்திருந்தது. மரியாதை நரைக்கவில்லை. "வாங்க கண்ணு, சௌக்கியமுங்களா? காப்பி சாப்பிடறீங்களா?" என்றார். நான் பையில் இருந்து பழைய போர்டை எடுத்து மேஜையில் வைத்தேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, அந்த மஞ்சள் விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"மோந்து பாருங்க."

அவர் மோந்து பார்க்கவில்லை. போர்டைக் குனிந்து பார்த்தார். தோட்டத்து மோட்டாரைத் தானே பிரித்து மாட்டிய ஆள். கரண்டும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மாப்ள, இது ஆரு வெச்சது?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"பூசையில ஆராச்சும் வெச்சிருப்பாங்க மச்சான். எனக்கெப்படித் தெரியும்?"

மூலையில் இருந்து அக்கா எழுந்து வந்தாள். "நீதானப்பா வச்ச! நான்லா தட்டப் பிடிச்சிட்டு உம் பொறத்தாலயே வந்தேன். 'மெசினுக்கு மூள இதுதான், மூளைக்கு ஒரு பொட்டு'ன்னு சொல்லிக்கிட்டே பெருசா அப்புனியே!"

எட்டு வருடம்! அவள் தட்டைப் பிடித்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். நான் அழுதுகொண்டு வெளியே போனபோது என் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தவள் அவள்தான். "அப்பவே சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றேன்.

"சந்தனம் வச்சா மெசின் கெடும்னு எனக்கு என்னட்டி தெரியும்? நல்லது நடக்கட்டும்னுதான நானும் கும்பிட்டேன்" என்றாள். அவள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. இருந்த கோபம் முழுவதும் ஏற்கெனவே ஒருத்தன் பெயரில் எழுதியாகிவிட்டது.

மணி எட்டு பன்னிரண்டு.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சாமி காரியமுங்க. தெரியாம பண்ணிப்போட்டான். பழசையெல்லாம் இப்ப எதுக்குங்க? நீங்க வேலையப் பாருங்க. கரண்ட் போயிருமுங்க."

"தெரியாம பொட்டு வச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. தெரியாமலே என்னையச் சொன்னாரே, அதுக்குத்தான் வந்திருக்கேன். அன்னைக்கு இந்த நாலு மெசினுக்கும் நடுவுல நின்னுதான் சொன்னாரு. இப்பவும் அங்கயே நின்னு சொல்லட்டும். அப்புறம் அயர்னச் சூடு பண்ணுதேன்."

சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"ஜெனரேட்டர் இருக்குதல்ல மச்சான்" என்றான் மேனேஜர்.

"இருக்கு" என்றேன். "மாத்திப் போடுத நேரத்துல ஒரு நிமிசமாவது கரண்ட் இருக்காது. வாங்க, மீட்டர் வச்சுக் காட்டுதேன்." முதல் மெஷினின் பேனலைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தேன். மூன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றே முக்கால் காட்டியது. "இது ஒரு நிமிசம் தாங்குமான்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு அதுவும் எம்மேலதான் வரும்."

முதலாளி மீட்டரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். "போ மாப்ள. சொல்லிப்போட்டு வா" என்றார். இந்த முறை குரலில் மரியாதை இல்லை.

அவன் போய் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முனகினான்.

"மெசின் சத்தத்துல கேக்கல" என்றேன்.

"அன்னிக்கு மெமரி போனதுக்கு இவங்க காரணமில்லீங்க! நாந்தானுங்க!" என்று கத்தினான்.

நான்காம் மெஷினில் நின்ற பீகார்ப் பையன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, "க்யா போல் ரஹே ஹைன் மேனேஜர் சாப்?" என்றான். மேனேஜர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறான். மற்றவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அவங்களுக்குப் புரியல" என்றேன். "ஹிந்தியிலயும் சொல்லிருங்க."

அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே எழுத முடியாது. எழுத ஆசைதான். மணி எட்டு இருபது. முதலாளி அவனுக்குக் கடிகாரத்தைக் காட்டினார்.

"மெமரி... மெமரி ஹம் கராப் கியா" என்றான். "யே மேடம் நஹி. ஹம். பூஜா மே." கெடுத்தது இந்த மேடம் இல்லை, நான்தான் என்பதற்கு அவனுக்குத் தெரிந்த ஹிந்தி அவ்வளவுதான்.

அந்தப் பையன் "கௌன்சா மெமரி, சாப்?" என்றான், எந்த மெமரி என்று. இன்னொருவன், "மொபைல் கா ஹோகா" என்றான். எட்டுப் பேரும் சிரித்தார்கள். என்ன விஷயம் என்று ஒருவனுக்கும் தெரியாது. மேனேஜர் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டான் என்பது மட்டும் புரிந்துவிட்டது. அவர்களுக்கு அது போதும். அவன் காது சிவந்தது. எனக்கு நன்றாக இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

எட்டு இருபத்திரண்டுக்கு வேலையை ஆரம்பித்தேன். மெஷின்களின் ஓட்டத்தை நிறுத்தினேன். பவரை நிறுத்தவில்லை. அயர்ன் பிளக்கைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும். "நீங்க வாங்க" என்று மேனேஜரைக் கூப்பிட்டேன். செல் டப்பாவைக் கிளிப்பில் மாட்டினேன். அயர்ன் சூடேறியதும் "புடுங்கு" என்றேன். பிடுங்கினான். பழைய பேட்டரி வந்தது. "சொருகு." சொருகினான். மறுபடி சூடேறியதும் "புடுங்கு." புதுப் பேட்டரி உட்கார்ந்தது. ஒரு மெஷினுக்கு இரண்டு தடவை. நான்கு மெஷினுக்கு எட்டுத் தடவை. அந்த ஊரில் ஏழு வயதுப் பிள்ளையைக்கூட 'ங்க' போட்டுக் கூப்பிடுவார்கள். நான் எட்டுத் தடவையும் போடவில்லை.

மூன்றாம் மெஷினில்தான் கை நின்றது. பழைய பேட்டரி வெளியே வந்துவிட்டது, புதியது கையில் இருக்கிறது, மெஷின் கரண்டும் இரண்டு பென்சில் செல்லும்தான் மெமரியைப் பிடித்திருக்கின்றன. மெயின் ஸ்விட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. முழங்கையால் அதை ஒரு தட்டு, விரலால் கிளிப்பை ஒரு இழு. இரண்டே அசைவு. எட்டு வருடத்து டிசைன் போகும். கை தவறிவிட்டது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

அந்த எண்ணம் வரவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. வந்தது. ருசியாகவும் இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்தக் கிளிப்பை இழுத்தால், எட்டு வருடமாக அவன் சொன்ன பொய்யை நானே உண்மையாக்கியவள் ஆவேன். மெமரி புள்ளை என்று இன்னொரு தடவை சொல்வான், அந்தத் தடவை சரியாகச் சொல்வான். அவனுக்கு அந்தச் சந்தோஷத்தை நான் தருவேனா? அவனைப் பழிவாங்க எனக்கு இருந்த ஒரே வழி, அந்த ஈயத்தை ஒரு துளி பிசகாமல் வைப்பதுதான். வைத்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சோல்டரிங் நான் செய்ததில்லை.

நான்காவது முடிந்தபோது எட்டு ஐம்பத்தாறு. செல் டப்பாவைக் கழற்றிப் பையில் போட்டேன். யாரும் நகரவில்லை. மேனேஜர் மூன்றாம் மெஷின் டிஸ்பிளேயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பது இரண்டுக்குக் கரண்ட் போனது. ஃபேன்கள் சுற்றிச் சுற்றி நின்றன. இத்தனை பேர் இருந்த கட்டடத்தில் பக்கத்துச் சாயப்பட்டறையின் நீராவிச் சத்தம் மட்டும் கேட்டது. பின்பக்கம் ஜெனரேட்டர் இருமி, நின்று, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. மேனேஜரே போய் ஒவ்வொரு மெஷினாக ஆன் செய்தான். ஒன்றில் டிசைன் வந்தது. இரண்டில் வந்தது. மூன்றில் வருவதற்குள் அவன் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தான். வந்தது. நான்கிலும் வந்தது.

"இனிமே நீங்களே வந்து பாத்துக்கோங்க கண்ணு" என்றார் முதலாளி. "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

"வெச்சுக்குவேங்க" என்றேன். "வேலை இருந்தா மேனேஜர் கூப்பிடட்டும். வாரேன். இந்த நாலு மெசின் செட்டிங் நம்பரையும் நோட்டுல எழுத அரை நாள் வேணும். அதையும் அவரே நிறுத்தித் தரட்டும்."

கிளம்பும்போது மேனேஜர் பின்னாலேயே வந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக, "அந்தப் பழைய போர்டைக் குடுத்துட்டுப் போங்க. அது எங்க போர்டுங்க" என்றான்.

இத்தனைக்கும் பிறகு அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான். முதலாளியை விட்டால், அன்று காலையில் அவன் சொன்னதைக் கேட்டவர்கள் ஒரு அக்காவும் எட்டுப் பையன்களும். அதில் எட்டுப் பேர் மொபைல் மெமரி என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் அன்றைக்கு என்னைச் சொன்னதோ தாராபுரம் ரோடு வரைக்கும் போயிருந்தது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாட்சி அந்தப் போர்டு ஒன்றுதான்.

"ஆமா, உங்க போர்டுதான். ஆனா எங்கிட்டதான் இருக்கும்" என்றேன்.

"எதுக்குங்க அது உங்களுக்கு?"

"கேக்குதவங்களுக்குக் காட்ட."

பல்லடம் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கடையில், ஆட்கள் நிற்கிற கவுன்டருக்கு நேர் எதிரே அதை ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். சந்தனத்தைத் துடைக்கவில்லை. போர்டு கொடுக்க வருகிற மெக்கானிக்குகள் "அதென்னங்க அக்கா மஞ்சளா?" என்று கேட்காமல் போவதில்லை. நான் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு முழுதாகச் சொல்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்கிறேன். அவன் பெயரை இனிஷியலோடு சொல்கிறேன். அவர்கள் டீக்கடையில் போய்ச் சொல்கிறார்கள். போன மாதம் தாராபுரத்தில் இருந்து வந்த ஒருவர், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இதானுங்களா அந்த 'பொட்டு மேனேஜர்' வெச்சது?" என்று கேட்டார்.

ஆமாங்க, இதேதானுங்க என்றேன்.